தாங்குமா, சம்பந்தி?

என் சகலை சபிர்குல் நிம்மதியாக உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது உட்காருவார், அதுவும் ஒரு முழங்காலை மட்டும் தரையில் ஊன்றி, அடுத்த நிமிஷமே எழுந்து ஓடப்போகிறவர் மாதிரி. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்தான். சபிர் என்றால் பொறுமை என்று அர்த்தம். பெயர் வைத்த முல்லாவைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று எங்கள் மலையூர் கோக்-ஜாரில் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் மனைவி ஆயிம்கான் என் மனைவிக்கு அக்காள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். அதற்கு மேலே எப்போது எட்டிப் பார்த்தாலும் ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஜீப் சோவியத் காலத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். கூட்டுப்பண்ணையில் சகலைதான் அதற்கு டிரைவர். பண்ணையைக் கலைத்துப் பங்கு போட்ட அன்று எல்லோரும் ஆடு வேண்டும், யாக் மாடு வேண்டும், நிலம் வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். இவர் ஜீப்பைக் கேட்டார். "மூத்த மாப்பிள்ளை இரும்பைக் கட்டிக்கிட்டான், நீயாவது உசுரோட இருக்கறதைக் கேளுப்பா" என்று எங்கள் மாமியார் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எனக்கு நாலு ஆடு கிடைத்தது, அந்தக் குளிர்காலத்திலேயே தின்று தீர்த்தோம். ஜீப் இன்னும் ஓடுகிறது. அதைச் சகலை வாரம் ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்துவார்.

அவருடைய வியாதி என்னவென்றால், நன்றாக ஓடுகிற வண்டியையும் சும்மா விடமாட்டார். "ஒரு சத்தம் கேக்குது" என்பார். வேறு யாருக்கும் கேட்காது. உடனே தார்ப்பாய் விரியும், ஜாக்கி ஏறும், அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஜீப் முற்றத்தில் பரப்பிக் கிடக்கும். கோழிகள் கார்புரேட்டரைச் சுற்றி வந்து கொத்திப் பார்க்கும். திரும்பப் பூட்டி முடித்ததும் மூன்று போல்ட்டு மிச்சம் இருக்கும்.

"இது எங்க போகணும் சகலை?"

"எங்கயும் இல்ல. செஞ்சவன் தேவைக்கு மேல போட்டு அனுப்பியிருக்கான்."

"வண்டி தாங்குமா?"

"தாங்கும் வாத்தியாரே. உன் பள்ளிக்கூடத்துக் கூரையை விட நல்லாவே தாங்கும்."

தாங்கும் என்பது அவர் வாயில் பிஸ்மில்லாவுக்கு அடுத்த வார்த்தை. ஆற்றுக்குள் இறக்கும்போதும் சொல்வார், பிரேக் இல்லாமல் மலையிறங்கும்போதும் சொல்வார்.

அவருக்கு இரண்டு பையன்கள், ருஷ்யாவில் கட்டட வேலை. ஒரே பெண் ஜிபெக். போன வருஷம் இலையுதிர்காலத்தில் அவளை ஒட்டகக்கழுத்துக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆக்-தெரெக் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண், பிறந்த வீட்டார் முறைப்படி போய் அழைத்து வந்து விருந்து வைக்கும்வரை அந்த வாசலை மிதிக்கக் கூடாது. கல்யாணப் பந்தியிலேயே சகலை எழுந்து நின்று சம்பந்தி எர்கெஷிடம் சொன்னார்: "என் பொண்ணை என் ஜீப்புல நானே வந்து கூட்டிட்டுப் போவேன்." எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

ஜூனில் அழைத்து வரத் தேதி வைத்தார்கள். கியர் பாக்ஸில் சத்தம் கேட்டது. ஆகஸ்டில் மறுபடி தேதி வைத்தார்கள். அங்கே சம்பந்தி வீட்டில் ஆட்டை அறுத்துவிட்டார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் பின்பக்க அச்சில் ஏதோ முனகுகிறது என்று இவர் கழற்றினார். கழற்றியதைப் பூட்ட ஒன்பது நாள் ஆனது. எர்கெஷ் ஆள் அனுப்பினார்: "ஜீப் செத்ததும் சொல்லி விடச் சொல்லுங்க, நாங்க துக்கத்துக்கு வர்றோம்."

அன்றிலிருந்து ஆயிம்கான் மதினி புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பூனையிடம் சொல்வார். "பூனையே, டீ ஆறுது. குடிக்கிறவங்க குடிக்கலாம்."

கடைசியில் நவம்பர் பன்னிரண்டு என்று முடிவானது. இனி தள்ள முடியாது. முதல் பெரிய பனி விழுந்தால் கணவாய் மூடிவிடும், திறக்க மே மாதம் ஆகும். ஜிபெக்குக்கு ஏழாம் மாதம். அதற்குள் பிள்ளை பிறந்து, கல்யாணமானதிலிருந்து பிறந்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்காத பெண் என்று ஆகிவிடும். அந்த ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. மாமியாரோடு சந்தைக்குப் போகும்போது குன்று மேல் ஏறி ஒரு நிமிஷம் பேசுவாள். பக்கத்தில் மாமியார் நிற்க, "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் என்ன பேசுவாள்? பதின்மூன்று மாதமாக மதினி கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

ஒன்பதாம் தேதி ஜீப்பை முழுசாகப் பூட்டி முடித்திருந்தார். ஒரு போல்ட்டுகூட மிச்சமில்லை. அப்படியே மூன்று நாள் விட்டிருக்கலாம். ஆனால் இவரால் முடியவில்லை. "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். வெளியே மைனஸ் இருபத்துநாலு. கணவாயிலிருந்து காற்று வேறு.

எங்கள் ஊரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர்தான். நிறுத்தும்போதெல்லாம் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும்; கிளப்பும்போது வெந்நீர் ஊற்ற வேண்டும். நடக்கப் பழகும் முன்பே இங்கே பிள்ளைகளுக்கு இது தெரியும். சகலை முப்பது குளிர்காலத்தில் ஒருநாள்கூட மறந்ததில்லை.

பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில் தோலோபாயின் மனைவி சோனுன் வாசலில் ரொட்டியோடு நின்றாள். "அண்ணே, ரொட்டியைப் பிட்டு வாயில போட்டுட்டுப் போங்க." ரொட்டியை நீட்டினால் தாண்டிப் போக முடியாது, சாவுக்குப் போகிறவன்கூட ஒரு துண்டு பிட்டுவிட்டுத்தான் போவான். இவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். வாசலில் என்ஜின் உறுமிக்கொண்டிருக்க உள்ளே ரொட்டியைத் தொடுவது, எப்போது விடுவாய் என்று வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே கேட்பது போலத்தான். ஒரு துண்டு, ஒரு கோப்பை டீ, இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்துக்கு யாராவது தண்ணீரை வடிப்பார்களா?

ஆனால் சோனுன் ஆக்-தெரெக்கில் பிறந்தவள். பத்து நாள் அங்கே தம்பி வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள்.

"உங்க ஜிபெக்கைப் பாத்தேன் அண்ணே."

சகலை உட்கார்ந்தார். இரண்டு காலையும் மடக்கி, சம்மணம் போட்டு, மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தார். சோனுனே பின்னால் என்னிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாள். ஜிபெக் எப்படி நடக்கிறாள், இடுப்பில் கை வைத்தா வைக்காமலா, பால் கறக்கும்போது முக்காலி தருகிறார்களா, புருஷன் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான், சிரிக்கிறாளா? ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டாராம். ஒரு வேலையும் இல்லாமல் சாயங்காலம் வெளியே வந்து கணவாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று சோனுன் சொன்னபோது, "எந்தக் கையை நெத்தியில வச்சுக்கிட்டுப் பாப்பா?" என்று கேட்டாராம். பன்னிரண்டு மணிக்குப் போனவர் எழுந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து என் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, கல்லாயிடுச்சு."

மறுநாள் காலையில் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். ஊதுவிளக்கின் தீயைக் காட்டி உள்ளே உறைந்திருந்த தண்ணீரை உருக்கி, முதலில் ரேடியேட்டரின் அடித்தட்டு வாய் பிளந்திருப்பதைப் பார்த்தோம். அது பரவாயில்லை, ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். என்ஜின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தபோதுதான் அது தெரிந்தது. விரல் நீளத்துக்கு, தலைமுடி மாதிரி ஒரு விரிசல். சகலை அதன் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார், நான் பார்க்கக் கூடாது என்பது போல.

மதினி வெளியே வந்தார். பூனை பக்கத்தில்தான் இருந்தது. பூனையைப் பார்க்கவில்லை.

"எங்க நிறுத்துனீங்க?"

"சோனுன் வீட்டுல."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"நீங்க? நாலு மணி நேரம் உக்காந்தீங்களா?"

"பொண்ணைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தா."

மதினி உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சாணிவறட்டித் தணல் கொண்டுவந்து என்ஜினுக்குக் கீழே வைத்தார். பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, "என்ன சொன்னா, மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

அந்த இரண்டு நாளும் எங்களுக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டோம், அப்போதுதான் அது மேற்கொண்டு நீளாது. அரத்தால் ராவிச் சுத்தம் செய்து, இரண்டு நிற மாவைச் சேர்த்துப் பிசைகிற இரும்புப் பசையை அப்பினோம். குளிரில் பசை இறுகாது. ஆகவே கம்பளத்தைப் போட்டு ஜீப்பின் மூக்கை மூடி, உள்ளே தணலை வைத்துப் பிள்ளை பெற்றவளைப் போலப் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. நான் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். சகலை அரைமணிக்கொரு தரம் கம்பளத்தைத் தூக்கி அமுக்கிப் பார்த்தார். கடைசியில் பசை அவர் கைரேகையோடுதான் காய்ந்தது.

"கைய எடுங்க சகலை!"

"இறுகுதான்னு பாத்தேன்."

"நீங்க பாக்கறதாலதான் இறுகல."

பதினோராம் தேதி மத்தியானம் எதிர்வீட்டு ராயிம் தெருப்பக்கச் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். அவனிடம் ஜப்பான் ஜீப் இருக்கிறது, அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிறதுதான். "அண்ணே, என் வண்டியை எடுத்துட்டுப் போங்க. சாவி இந்தாங்க."

மதினி சகலையைப் பார்த்தார். "எடுத்துக்குங்க."

"உன் வண்டியில ஏறினா தூக்கம் வருதுடா" என்றார் சகலை. "அப்புறம் சம்பந்தி கேப்பாரு, ஜீப்பைப் பொதைச்சாச்சான்னு. என்ன பதில் சொல்றது?"

நான் சிரித்தேன். ராயிமும் சிரித்துவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மதினி சிரிக்கவில்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போதும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பன்னிரண்டாம் தேதி விடிந்ததும் நானும் அவரும் புறப்பட்டோம். பின்னால் எட்டு கேன் வெந்நீர், கம்பளிக்குள் சுற்றி வைத்திருந்தோம். வானம் சாம்பல் பூசியிருந்தது. அடிவாரத்தில் இறங்கி, நாலு சக்கரமும் இழுக்கும்படி முன்சக்கரங்களின் பூட்டைத் திருகிவிட்டு, சின்ன கியரில் ஏறினோம். முதல் வளைவிலேயே என்ஜினிலிருந்து ஆவி மணம் வந்தது. சகலை உடனே நிறுத்தினார். இறங்கி ஒரு கேன் ஊற்றினார். உச்சிக்குப் போவதற்குள் நாலு கேன் ஊற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தரமும் வானத்தைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஸ்டியரிங்கைத் தட்டுவார். அந்தத் தட்டல் என் பல்லில் கேட்டது.

பதினோரு மணிக்கு ஆக்-தெரெக். சம்பந்தி எர்கெஷ் வாசலில் நின்றார். ஆடு மறுபடி அறுத்திருந்தார்கள்.

"அட, ஜீப் உசுரோட இருக்கே!"

"உங்களையும் பொதைச்சிட்டுத்தான் அது சாகும் சம்பந்தி" என்றார் சகலை. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

சாப்பிடாமல் கிளம்ப முடியாது. என்ஜினை ஓடவிட்டு உள்ளே போகவும் முடியாது. சகலை ஒரு வாளி கேட்டார். ரேடியேட்டரையும் என்ஜினையும் வடித்து, அந்த அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய், கறி வேகிற கொப்பரைக்குப் பக்கத்தில் அடுப்பின் மேல் வைத்தார். சம்பந்தியம்மா வாயைப் பிளந்தாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"அப்பா, தண்ணிய நான் பாத்துக்கறேன். நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

ஜிபெக். கன்னம் சதை போட்டிருந்தது, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கறி பரிமாறும் நேரமெல்லாம் நடுவில் போய் வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள். சகலை தட்டைப் பார்க்கவே இல்லை. ஆட்டுத் தலையை மரியாதைக்காக அவர் முன்னால் வைத்தார்கள். காதை அறுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு, மறுபடி அவளைப் பார்த்தார்.

ஒரு மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது.

நான் கொண்டுவந்த கடுகுப்பொடியை வெந்நீரில் கலக்கி ஊற்றினோம். சின்னக் கசிவைக் கடுகு அடைக்கும், சில நேரம். சில நேரம் அடைக்காது. என்ஜின் கிளம்பியது. ஜிபெக் வெள்ளைத் தலைத்துணி கட்டி, இரண்டு சால்வை போர்த்தி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எர்கெஷ் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். பசையையும் கைரேகையையும் பார்த்தார். அதன் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது, விழவும் இல்லை, காயவும் இல்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"வர்றப்ப எத்தனை கேன் ஊத்துனீங்க?"

"நாலு."

"உச்சியில பனி அதிகமாயிட்டா நிக்கணும். நின்னா உறைஞ்சிடும். வண்டியில இருக்கறது என் பேரப்புள்ள." அவர் சத்தமாகப் பேசவில்லை. "நான் தடுக்க மாட்டேன். நீங்க சொன்னாப் போதும். தாங்குமா, சம்பந்தி?"

அந்த ஒரு வார்த்தையைச் சகலை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அவர் பானெட்டைப் பார்த்தார், கணவாயைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். கைகள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன.

"தெரியல" என்றார்.

எர்கெஷுக்கே அது எதிர்பாராததாக இருந்தது. சகலை போய்ப் பின்கதவைத் திறந்து, மகள் மடியிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, மெதுவாக இறங்கினாள்.

"மே மாசமா அப்பா?"

"மே மாசம்."

"அம்மாகிட்ட நான் குண்டாயிட்டேன்னு சொல்லுங்க."

திரும்பும் வழியில் உச்சிக்கு ஏறும்வரை நான் ஆவி மணத்துக்காகவே மூக்கை விடைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பனி கண்ணாடியை மூடியது, சக்கரம் வழுக்கியது, ஓரிடத்தில் பின்னால் போய் மறுபடி ஏறினோம். உச்சியில் சகலை நிறுத்தாமல் கதவைத் திறந்து, தண்ணீர் ஒழுகுகிறதா என்று கீழே எட்டிப் பார்த்தார். ஊர் தெரிகிற வளைவில் நிறுத்தி, துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் கழுத்துவரை நின்றது. மூடினார். அங்கிருந்து ஊர்வரை ஸ்டியரிங்கை ஒரு தரம்கூடத் தட்டவில்லை.

வாசலில் பத்துப் பெண்கள் நின்றார்கள். மதினி நடுவில், மடி நிறைய மிட்டாயும் உலர்ந்த திராட்சையும், மகள் வாசல்படி மிதிக்கும்போது தலையில் தூவுவதற்கு. ஜீப் நின்றதும் ஒரு கையை மடிக்குள் விட்டு அள்ளிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேர் இறங்கினோம். மதினி பின்சீட்டைப் பார்த்தார். சுற்றிப்போய் மறுபக்கக் கண்ணாடி வழியாகவும் பார்த்தார்.

சகலை ஒளிக்காமல் சொன்னார். சம்பந்தி கேட்டதையும், தான் சொன்னதையும்.

"வர்ற வழியில எத்தனை கேன் ஊத்துனீங்க?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஒண்ணும் ஊத்தல."

"தாங்கியிருக்கு."

"ம். தாங்கியிருக்கு."

"முப்பது வருஷமா தாங்கும் தாங்கும்னு சொன்னீங்க." மிட்டாய் இன்னும் மதினியின் கைக்குள்ளேயே இருந்தது. "இன்னிக்கு ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ உள்ள உக்காந்திருந்தா சொல்லியிருப்பேன், ஆயிம்" என்றார் சகலை. "உன்னை வச்சுக்கிட்டு எப்பவும் அப்படித்தானே ஓட்டினேன். அவளை வச்சுக்கிட்டு வாய் வரல."

மதினி கையிலிருந்த மிட்டாயைப் பலம் கொண்ட மட்டும் அவர் முகத்தில் விட்டெறிந்தார். மறுபடியும் அள்ளி எறிந்தார், மடி காலியாகும்வரை. சகலை கையைக்கூடத் தூக்காமல் நின்று வாங்கிக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பிறகு மதினி அவர் காலரில் சிக்கியிருந்த ஒரு திராட்சையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "எவ்வளவு குண்டாயிருக்கா?" என்று கேட்டார்.